சனிக்கிழமைக்கு ஒரு ஆள்

தூண்டில் மாவுக்குப் போட்ட புண்ணாக்கு இன்னும் சரியாக ஊறவில்லை, அதற்குள் ஹாலிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. முதல் தடவை காப்பிக்கு. இரண்டாவது, திருமூர்த்திக்கு மட்டும் சர்க்கரை போடாமல் இன்னொரு காப்பிக்கு. மூன்றாவது தடவை பவளக்கொடி விரலில் ஒட்டின மாவோடு ஹால் வாசல்வரை போய் நின்றால், புருஷன் பூபதி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல பவளா, அப்பறமா நானே உள்ள வந்து சொல்றேன்" என்கிறார். உள்ளே வந்து சொல்கிற சங்கதி என்றாலே அவளுக்குப் பயம். இருபத்து மூன்று வருஷமாக இந்த வீட்டில் நல்ல சேதியெல்லாம் ஹாலில் நாலு பேர் முன்னால் சொல்வார்கள். மற்றது மட்டும் அடுப்படிக்கு நடந்து வரும், கதவு நிலையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே வரும். மாமியாருக்கு இனி நாள் இல்லை என்று டாக்டர் சொன்னதை அப்படித்தான் வந்து சொன்னார். மகள் நிவேதாவை அவளைக் கேட்காமலே கோயமுத்தூர் ஹாஸ்டலில் சேர்க்கப் பணம் கட்டிவிட்டதையும் அப்படித்தான். இன்றைக்கு என்னவோ. வியாழக்கிழமை சாயங்காலம், ஈரோட்டில் நூல் கடை வைத்திருக்கிற ஒரு ஆளும் அவருடைய சிநேகிதர்கள் சென்னியப்பனும் திருமூர்த்தியும் உட்கார்ந்து, சனி ஞாயிறு காவிரியில் இறங்கித் தூண்டில் போட்டு, மணல் திட்டில் கூடாரம் அடித்துத் தங்குவதற்குத் திட்டம் போடுகிறார்கள், இதில் அவளுக்கு வர என்ன கேடு இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அதட்டினால் அடங்குகிற பயமா அது.

தாம்பாளத்துக்குத் திரும்பினாள். மைதா ஒரு பங்கு, பொட்டுக்கடலை மாவு அரைப் பங்கு, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிட்டிகை, ஊறின கடலைப் புண்ணாக்கு. இதெல்லாம் எவன் வேண்டுமானாலும் பிசைவான். பஞ்சில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடையிலிருந்து வரும் கழிவுப் பஞ்சை நார் நாராகப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால்தான் ஓடுகிற தண்ணீரிலும் மாவு கரையாமல் தூண்டில் முள்ளில் நிற்கும். குளத்துக்குப் பஞ்சு வேண்டாம், ஆற்றுக்கு வேண்டும். பிசைகிற கைக்கு அளவு தெரியும். கொஞ்சம் கூடினால் கெண்டை வாயில் வைத்துத் துப்பிவிடும். "நம்ம ஃபார்முலா மாப்ள, வெளிய சொன்னா போச்சு" என்று பூபதி ஹாலில் சொல்வது கேட்டது. "சொல்லித்தான் தொலையேன்டா" என்று சென்னியப்பன் கெஞ்சுவதும் கேட்டது. நம்ம ஃபார்முலாவாம். க்கும். பிசைகிறவள் அடுப்படியில் நிற்கிறாள், பேர் எடுக்கிறவர் சோபாவில் சாய்ந்திருக்கிறார். அதுகூடப் போகட்டும், புருஷன் பேர் எடுத்தால் பெண்டாட்டிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது. ஆனால் இந்தக் கையை, இதே வலது கையை, இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் மாமியார் பிடித்து மோந்து பார்த்திருக்கிறார். சும்மா வளையல் அளவு பார்ப்பதுபோலப் பிடித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மோந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். அன்றைக்கு அவள் கையில் மீன் வாசனை இல்லை, மருதாணி வாசனைதான் இருந்தது.

மாமியார் திட்டுகிற ரகம் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். காவிரிக்கரை ஒட்டம்பாறைக்கு, பிறந்த வீட்டுக்கு, போய்த் திரும்பினால் பின்கட்டுக் குழாயடியில் சீயக்காய்க் கிண்ணமும் துண்டும் மாற்றுப் புடவையும் தயாராக வைத்திருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். தலை நனைந்து அவள் உள்ளே வந்ததும், "சாப்பிடு கண்ணு" என்பார், நிஜமான பிரியத்தோடு. அதை யாரிடம் போய்ச் சொல்லி அழ? அடித்தால் தழும்பு காட்டலாம், சீயக்காயை எதற்குக் காட்டுவது? கொஞ்ச நாளில் பிறந்த வீட்டுக்குப் போவதே குறைந்துபோனது. வருஷத்துக்கு இரண்டு, அப்புறம் ஒன்று, அப்புறம் சாவுக்கும் கல்யாணத்துக்கும். அப்படி மூக்கைப் பொத்திக்கொண்ட வீட்டில்தான் இன்றைக்கு மீன் கூத்து நடக்கிறது. மாமியார் போன மறு வருஷம் சென்னியப்பன் ஒரு தூண்டில் கம்பைக் கொண்டுவந்து காட்டினார், அவ்வளவுதான், பூபதிக்குப் பித்து ஏறிவிட்டது. கம்பு ஐந்தாகி, சுற்றுகிற சக்கரம் வந்து, டப்பா டப்பாவாகப் பளபளக்கிற பொய் மீன்கள் வந்து, போன மாதம் நெஞ்சுவரை ஏறுகிற ரப்பர் கால்சட்டை வந்து இறங்கியது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "எப்படி?" என்றார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எதுக்குச் சிரிக்கற? தண்ணிக்குள்ள மணிக்கணக்கா நிக்கணும்ல, ஒனக்கு என்ன தெரியும்" என்று முகம் சிறுத்துப்போனார். ஒனக்கு என்ன தெரியும்! ஆற்றுத் தண்ணீரில் நிற்பதைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்! சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கங்க, மேல வழியா தண்ணி பூந்துச்சுன்னா எந்திரிக்க முடியாது" என்று மட்டும் சொன்னாள். அவர் காதில் விழவில்லை, போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கதவு நிலையில் கை தேயும் சத்தம் கேட்டது. வந்தாயிற்று. "மாவு நல்லா வந்திருக்குதா பவளா?" "வந்திருக்குதுங்க." "இந்தத் தடவை பவானிப் பக்கம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். ஒட்டம்பாறைத் துறைக்குக் கீழ ஒரு திட்டு இருக்குதாமா. சென்னி ஏதோ வீடியோவுல பாத்தானாமா, ஆறு கிலோ கட்லா ஒருத்தன் எடுத்திருக்கறான்." அவள் கை மாவிலேயே நின்றது. "எங்க ஊருக்குங்களா?" "ஊருக்குள்ள இல்ல, திட்டுக்கு. தண்ணி தெரிஞ்ச ஆளு ஒருத்தன் கூட இருந்தா தேவலன்னு மூர்த்தி பயந்துக்கறான். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கறான்னு நான் சொல்லிட்டேன்." "யாருங்க?" தெரிந்தேதான் கேட்டாள். "யாரு, உன்ற தம்பி மாதையன்தான்." அட, அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்காக அவள் தன்னை மன்னிக்கவே போவதில்லை, அந்த ஒரு நொடி அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் ஒட்டம்பாறையில் கால் வைக்காத மனுஷன் இத்தனை வருஷம் கழித்து மச்சினன் வீட்டுக்குப் போகிறார், அவன் கோழி அடிப்பான், தம்பி பெண்டாட்டி வாசல் தெளித்துக் கோலம் போடுவாள், மாமா மாமா என்று அவர் பின்னாலேயே சுற்றுவான் என்று மளமளவென்று மனசு ஓடிப்போய்விட்டது. அதற்குள் இவர் நிலையை இன்னொரு தரம் தேய்த்தார். "சனிக்கிழமை காலைல ஆறு மணிக்குப் பாலத்துக்கிட்ட நிக்கச் சொல்லீரு. சாமானெல்லாம் தூக்கோணும், சமைக்கோணும், ராத்திரி காவலுக்கு இருந்துக்கட்டும். கூலி கொறையாம குடுத்தர்றேன். அப்பறம்..." அப்புறம் என்றுவிட்டு அடுப்பைப் பார்த்தார். "இவனுக ரெண்டு பேரும் உங்கப்பாவைக் குத்தகைதாரருன்னுதான் நெனச்சிட்டிருக்கறாங்க. அவன் பாட்டுக்கு அழுக்கு லுங்கியோட வந்து மாமாங்கறான்னு வையி, அத்தன பேத்து முன்னாடி... சார்னு கூப்பிட்டாப் போதும்னு சொல்லீரு. ரெண்டு நாள்தானே. நான் சொன்னா நல்லாருக்காது, நீ சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டான்." அவள் மாவைத் திருப்பிப் போட்டுப் பிசைந்தாள். "கோவிச்சுக்காத பவளா" என்று தோளைத் தொட்டார். தொட்ட கையில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஹாலுக்குப் போனார். கழுவுற மீனில் நழுவுற மீன்.

கோவிச்சுக்காதவாம். கோபம் வந்தால்தானே கோவித்துக்கொள்ளாமல் இருக்க. குத்தகைதாரர்! அந்தப் பேரை வைத்தவர் மாமனார். பூபதியும் அவளும் ஒரே கல்லூரி பஸ்ஸில் போய்வந்து பழகினது தெரிந்து, இரண்டு வருஷம் இந்த வீடு ரணகளமாகி, கடைசியில் மாமனார் இறங்கி வந்தபோது ஒரே ஒரு ஏற்பாடு சொன்னார். பெண்ணின் அப்பா ஆற்றில் இறங்கி வலை இழுக்கிற மீன்காரர் இல்லை; ஆற்றைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் வைத்து மீன் பிடிக்கிறவர். கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேருக்குப் பக்கத்தில் 'மீன் குத்தகைதாரர், ஒட்டம்பாறை' என்று அச்சடித்து வந்தது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். விரலை வைத்துப் படித்துவிட்டு, "எப்பம்மா எடுத்தேன்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தனக்குத் தெரியாமல் தன் பேரில் யாராவது எடுத்துவிட்டார்களோ, நாளைக்கு ஏதாவது வம்பு வருமோ என்று பயந்துதான் கேட்டார். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயசு, காதல் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது, "சும்மா ஒரு பேருக்குப்பா" என்றாள். சும்மா ஒரு பேருக்கு. அவளேதான் சொன்னாள். மாமனார் வைத்த பேருக்கு முதல் சாட்சி அவள்தான்.

சரி, என்ன செய்யலாம். போன் அடுப்பு மேடை மேலேயே கிடக்கிறது. செய்வதற்கு ஒரு வழி இருக்கிறது, சுலபமான வழி. பத்து நிமிஷம் கழித்து ஹாலுக்குப் போய், "மாதையன் ஊர்ல இல்லைங்களாமா, மாமியா வீட்டுக்குப் போயிருக்கறானாமா" என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் தீர்ந்தது. இத்தனை பொய்யோடு அதுவும் ஒன்று. தம்பியின் மானம் தப்பிக்கும். ஆனால் அப்புறம் இந்த மூன்று பேரும் போகாமல் இருப்பார்களா? சென்னியப்பன் ஐஸ் பெட்டிவரைக்கும் பட்டியல் போட்டுவிட்டார், மடக்கு நாற்காலி மூணு, நெத்தி லைட் மூணு என்று வாசிக்கிறார், ஆள் கிடைக்காவிட்டால் தனியாகவே போவார்கள், வீடியோ பார்த்து ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு ஆள் எதற்கு. அந்தத் திட்டு அவளுக்குத் தெரியும். கிழக்கே முழங்கால் தண்ணீர், ஒரு குழந்தையை நிறுத்தலாம். மேற்கே பத்தடி தள்ளினால் மணல் அள்ளி எடுத்த குழி, ஒரு ஆள் இரண்டு ஆள் ஆழம், மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி தண்ணீர். ஆற்றில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தரையோடு இழுத்து இழுத்து வைக்க வேண்டும், தூக்கின காலை ஆறு வாங்கிக்கொள்ளும். இவர்கள் தூக்கித்தான் வைப்பார்கள், தார் ரோட்டில் நடந்த கால்கள். அணையில் தண்ணீரைக் கூட்டிவிட்டால் பொழுது விடிவதற்குள் திட்டில் பாதி இருக்காது. ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் நிறைகிறது, கால் இரண்டும் இரண்டு குடம் மாதிரி, அவர் கைதான் மேலே தெரிகிறது, கல்யாண மோதிரம் போட்ட கை. சீ, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவு. வாயைத் திறக்கவே இல்லையே, நினைப்பை எதில் கழுவ? அப்படி ஏதாவது ஒன்று ஆகித் தொலைந்தால் இந்த ஊர் என்ன சொல்லும்? மீன்காரியைக் கட்டினான், ஆறே வந்து வாங்கிக்கொண்டது என்று சொல்லும். சொல்லட்டும், ஊர் கிடக்கிறது. அந்த ஆள் இல்லாமல் அவள் என்ன செய்வாள்? இதையும் சொல்ல வேண்டுமே, இவளுக்காக மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவர் அவர். கண்ணெல்லாம் குழிவிழுந்து, நாலாம் நாள் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று, "ஒத்துக்கிட்டாங்க பவளா" என்று அழுதார். மூன்று நாள் பட்டினி கிடக்கத் தெம்பு இருந்த மனுஷனுக்கு, இரண்டு நாள் மாமா என்று கூப்பிட்டால் தாங்கத் தெம்பு இல்லை. எங்கே போயிற்று அந்தத் தெம்பு? அவளுக்கு அழுகையாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது, மாவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி" என்று சென்னியப்பனே உள்ளே வந்துவிட்டார். நல்ல மனுஷன், ஒரு நாளும் கண்ணில் கல்மிஷம் கிடையாது. சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தொறையெல்லாம் உங்கப்பாரு குத்தகை எடுத்திருந்ததுங்களாமா? நல்ல எடமுங்களா?" இதுதான் நேரம். ஒரு வரி போதும். எங்கப்பா குத்தகைக்காரர் இல்லைங்கண்ணா, வலைக்காரர், வருகிற பையன் என் கூடப் பிறந்தவன். என்ன ஆகிவிடும்? வானம் இடிந்து விழுமா? நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "ஆமாங்கண்ணா, நல்ல மீனு கெடைக்கும்" என்றாள். தடுமாறக்கூட இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் பொய் அவளுக்கு அவ்வளவு சரளமாகியிருந்தது. "அப்ப ஆளுக நெறயா வேல செஞ்சிருப்பாங்களே." "இருந்தாங்கண்ணா." "இப்ப வர்ற பையனும் உங்கப்பாருகிட்ட இருந்தவன்தானாமா, பூபதி சொன்னான். நம்பலாமுங்களா?" "நம்பலாமுங்கண்ணா. எங்கப்பாகிட்டத்தான் தொழில் கத்துக்கிட்டான்." இந்தக் கடைசி வார்த்தையில் ஒரு பொட்டுப் பொய்யில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. சென்னியப்பன் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் காலி சொம்பைப் பிடித்தபடி நின்றாள். பூபதி பயத்தில் பொய் சொல்கிறார், மாமனார் கௌரவத்துக்குச் சொன்னார், நீ எதுக்குடி சொன்ன?

எதுக்குச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முந்தி நிவேதா பெரியவளானபோது மண்டபம் பிடித்துச் சீர் செய்தார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் பெண்ணுக்குச் சடங்கு ஏது? மாமன்தான் மாலை போட வேண்டும், மாமன்தான் தட்டு எடுத்து வர வேண்டும். பூபதி அப்போது ஒன்றுமே சொல்லவில்லை, சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை, மேடையில் யார் நிற்பது என்று அவளிடம் கேட்கக்கூட இல்லை. அவளாகத்தான் யோசித்தாள். மண்டபத்தில் நூல் வியாபாரிகள் பாதி, பாங்க்காரர்கள் பாதி. மாதையனுக்கு வெயிலில் கருத்த முகம், சட்டைக் காலர் கழுத்தில் நிற்காது, பேச ஆரம்பித்தால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறவனிடம் பேசுகிற சத்தத்தில் பேசுவான். அவளுடைய பெரியப்பா மகன் ஒருத்தன் சேலத்தில் ஆபீஸ் வேலையில் இருந்தான், கண்ணாடி போட்டவன், அவனைக் கூப்பிட்டு தாய்மாமனாக நிற்கச் சொன்னாள். மாதையனிடம் முந்தின நாள் போனில், "எல்லாம் ஒண்ணுதானடா, அவனும் மாமன் முறைதானே, நீ சமையக்கட்டுப் பக்கம் இருந்து பாத்துக்க, வெளியாளை நம்ப முடியாது" என்றாள். வெளியாளை நம்ப முடியாது என்று கூடப் பிறந்தவனிடம் சொன்னாள். அவன் சரிக்கா என்றான். சரிக்கா என்றுவிட்டு வந்தவன் ஒரு பட்டுப் பாவாடையும் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசும் கொண்டுவந்திருந்தான். மேடைக்குப் பின்னால் வைத்து அந்தப் பெரியப்பா மகன் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு சமையக்கட்டுக்குப் போய்விட்டான். மகள் குனிந்து யாரோ ஒருவன் காலில் விழுந்தாள். படம் பிடித்தார்கள். சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு பந்திப் பக்கம் வந்த மாதையன் மேடையை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்ததை அவள் பார்த்தாள், பார்க்காதவள் மாதிரி மகளின் மாலையைச் சரி செய்தாள். பூபதியைப் பற்றிப் பேச வந்துவிட்டாள் பெரிதாக! அவராவது மச்சினனிடம் தன்னைச் சார் என்று கூப்பிடச் சொல்கிறார். அவள் தம்பியைத் தம்பியே இல்லை என்று ஆக்கினவள்.

ஹாலில் யாரோ எதற்கோ கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். திருமூர்த்திக்கு நீச்சல் தெரியாதாம், ஆனால் கட்லாவோடு படம் பிடித்தே ஆக வேண்டுமாம். மாவு பதம் வந்துவிட்டது, விரலில் ஒட்டவில்லை. கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். போனை எடுத்தாள், வைத்தாள். எப்படித் தொடங்குவது? மாது, ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயமா இது? மாது, தப்பா எடுத்துக்காத. தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? மாது, மாமா ஒரு உதவி கேக்கறாரு. மாமா என்று அவளே சொல்லிவிட்டு, மாமா என்று கூப்பிடாதே என்று எப்படிச் சொல்வது? அவன் திட்டட்டும். ஆமாம், திட்டினால் நல்லது. போடி, நீயும் ஒம்புருஷனும், ஊருக்கு இளைச்சவன் நானா ஒங்களுக்கு, எவன் வேணா முழுகிச் சாவட்டும் என்று ஒரு தடவை வாய்விட்டுக் கத்தினானானால் அவள் காலாகாலத்துக்கும் நிம்மதியாக இருப்பாள். அவனுக்கு நாற்பது வயசு ஆகிறது, ஒரு தடவைகூட அவன் அவளிடம் குரல் உயர்த்தினதில்லை. அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பயமாக இருந்தது. திட்டுடா மாது, இன்றைக்காவது திட்டு என்று வேண்டிக்கொண்டே அழுத்தினாள். மணி அடித்தது. நாலு தடவை அடித்தது. எடுக்காமல் விட்டுவிட்டால்கூடத் தேவலை என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டான்.

"அக்கா! சொல்லுக்கா. பாப்பா நல்லாருக்குதா?" காற்று இரைந்தது, ஆற்றுக்குள் பரிசலில் இருக்கிறான் போல.

"நல்லாருக்கறாடா. மாது, மாமா சனிக்கிழம ஒட்டம்பாறைக்கு வாராரு. திட்டுல தங்கித் தூண்டி போடறதுக்கு. கூட ரெண்டு பேரு."

"மாமாவா? நம்ம திட்டுக்கா?" துடுப்பைப் பரிசலுக்குள் போடும் சத்தம் கேட்டது. அப்புறம், "தண்ணி இப்ப கம்மியாத்தான் போகுது. மேக்கால குழி இருக்குது, அந்தப் பக்கம் எறங்க உடமாட்டேன். அணையில கூட்டி உடறாங்களான்னு கேட்டு வெச்சுக்கறேன். நீ பயந்துக்காதக்கா" என்றான். தன் பயத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"காலைல ஆறு மணிக்குப் பாலத்துக்கிட்ட நிக்கோணுமாமா."

"நிக்கறேன்."

"சாமானெல்லாம் கொஞ்சம்..."

"தூக்கறேன், அதுக்கென்ன."

"மாது." ஹால் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அவங்க ரெண்டு பேரு முன்னாடி..."

"சார்னு கூப்பிட்டுக்கறேன்க்கா." வானிலை சொல்கிற மாதிரி சொன்னான். "எனக்குத் தெரியாதா? அதையெல்லாம் நீ போட்டுக் கொழப்பிக்காத."

அவ்வளவுதானா? அவள் காத்திருந்தாள். கோபம் கொஞ்சம் தாமதமாக வரும் என்று காத்திருந்தாள். ஹாலில் பூபதி பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் காது கொடுப்பது தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" மாதையன் குரல் தாழ்ந்தது, தயங்கியது. வந்துவிட்டது என்று பவளக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். கேளுடா, மண்டபத்தைக் கேள், கொலுசைக் கேள், எல்லாவற்றையும் கேள்.

"கேளுடா."

"நீயும் கூட வாறியா?"

"ஏன்டா?"

"இல்ல, நீ வந்தீன்னா ஒன்னைய என்னன்னு கூப்புடறது? மேடம்னா? முன்னாலயே சொல்லிட்டீன்னா தேவல. பழக்கத்துல அக்கான்னு வாயில வந்து தொலைச்சுருமோன்னுதான்."

குத்தலே இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள், அவன் குரலில் ஒரு துளிக் குத்தல் இல்லை. தப்பாக ஏதும் நடந்து அக்காவுக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்கிற கவலை மட்டும்தான் இருந்தது.

"நான் வரலடா" என்றாள்.

"அப்பச் சரி" என்றான் மாதையன். "அப்ப ஒண்ணும் சிக்கல் இல்லக்கா."